இணைப்பு: ஒன்று

தபால் பிரிவில் எனக்கு மூன்று முத்திரைகள்.
பெறப்பட்டது. அனுப்பப்பட்டது. அவசரம்.
மூன்றாவதன் ரப்பர் இன்னும் புதுசு.

குணசுந்தரி, பம்ப் ஆபரேட்டர்,
கொருக்குப்பேட்டை கழிவுநீர் உந்து நிலையம்.
கணவர் பணியில் இறந்ததால்
கருணை அடிப்படையில் வந்தவர்.
முதல் மனுவில் 'பொருள்' என்ற இடத்தில்
நீல மையில் ஒரே வரி:
பெண் ஊழியருக்குக் கக்கூஸ் இல்லை.
நான் பதிவேட்டில் ஏற்றியது:
அடிப்படை வசதி கோருதல் – தொடர்பாக.
பதினெட்டு வருட சர்வீஸ்,
கை தானாக அப்படித்தான் போகிறது.

உரிய வழியில் வரவில்லை என்று மனு திரும்பியது.
உரிய வழி என்றால்
யார்மேல் குறையோ
அவர் கையெழுத்து வழியாக.
உதவிப் பொறியாளர் மறுக்கவில்லை,
போட்டுக் கொடுத்தார்,
நான்கு வாரம் கழித்து.

குறைதீர் நாளன்று
நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார்.
டோக்கன் முப்பத்தொன்று.
காத்திருக்கையில் என் ஜன்னலருகே நின்று சொன்னார்:
"ஊரு மொத்தமும் எங்கிட்டதான் சார் வந்து சேருது.
நான் போறதுக்குத்தான் எடமில்ல."
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
முத்திரை மையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டு போய்வந்தாராம்.
கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டால்
நாற்பது நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
பிறகு அந்த வீட்டுக் கதவு
மணியடித்தாலும் திறப்பதில்லை.

இரண்டாவது, மூன்றாவது மனு.
நான்காவதில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டு,
சிறுநீர்த் தொற்று.
ஐந்தாவதற்குப் பதில் வந்தது:
நிலையத்தில் ஏற்கெனவே கழிப்பறை உள்ளது,
குறை களையப்பட்டது.
ஆறாவதில் அவர் கேட்டிருந்தார்:
அதற்குக் கதவு உண்டா என்று
அய்யா பார்த்தீர்களா?

ஏழாவது, அக்னி நட்சத்திரத்தில்.
பொருள்: மேற்படி.
பார்வை: என் ஆறு மனுக்கள்.
இணைப்பு: ஒன்று.
நேற்றைய பகல் ஷிஃப்டில்
நான் குடிக்காத தண்ணீர், ஒரு லிட்டர்.

பாட்டிலை எப்படிக் கோப்பில் சேர்ப்பது?
துளை போட முடியாது.
வெள்ளை நாடாவைக் கழுத்தில் சுற்றி,
மார்க்கரால் ந.க. எண் எழுதினேன்.
பதிவேட்டில் முதல்முறையாக
அவர் எழுதியபடியே எழுதினேன், கக்கூஸ் என்று.
மூன்றாவது முத்திரையை எடுத்தேன்.
முதல் தடவை பதியவில்லை.
திரும்ப அழுத்தினேன்.

பாட்டில் மேசை மேசையாக ஏறியது.
கண்காணிப்பாளர் காகிதம் பறக்காமலிருக்க அதை வைத்தார்.
செயற்பொறியாளர் 'பார்த்தேன்' என்று எழுதி
பச்சை மையில் சுருக்கொப்பமிட்டார்.
அதற்கும் மேலே போனபோது
நிலுவை மனுக்கள் ஆய்வுக் கூட்டம்,
வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்,
உள்ளே ஏசி வேலை செய்யவில்லை.
டில்லிபாபு தலையைச் சொறிந்தான்:
"டேபிள்ல வாட்டர் பாட்டில் கம்மியா இருந்துச்சு சார்.
நான் இன்னாத்த கண்டேன்."

நேற்று கோப்பு என்னிடம் இறங்கி வந்தது.
குறிப்பு:
இணைப்பில் அரை லிட்டர் மட்டுமே காணப்படுகிறது.
முரண்பாடு குறித்து மனுதாரரிடம்
விளக்கம் கோரலாம்.
குறிப்பாணை தட்டச்சாகி,
கையெழுத்தாகி,
என் இரண்டாவது முத்திரைக்காகக் கிடக்கிறது.

இன்னும் குத்தவில்லை.
குத்தாமலே இருந்துவிடுவேன் என்றும் சொல்ல மாட்டேன்,
இன்க்ரிமென்ட் மாதம்.
மீதித் தண்ணீர் என் மேசைமேல் இருக்கிறது.
ஃபேன் சுற்றும்போது லேசாக அசைகிறது.

வராந்தா முனையில் எங்கள் கழிப்பறை,
என் நாற்காலியிலிருந்து பதினோரு எட்டு.
இன்றுதான் எண்ணினேன்.
காலையிலிருந்து
மூன்று முறை போய்வந்துவிட்டேன்.