ஒரு மாத்திரை

லெனார்ட் ஆஸ்க்யூவின் முதுகு
என்னைப்போல் யாருக்கும் தெரியாது.
பதினோரு வருடமாக அவருக்குக் கொக்கி மாட்டுகிறேன்.
முன்பக்கம், டிக்கெட் வாங்கியவர்களுக்கு.

கிரிம்ஸ்பி. மீன் இறங்கும் துறை.
நள்ளிரவு ஒரு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்
மனிதரின் மகன்.
குளியல் அங்கே குறில்: 'பத்'.
கண்ணாடிக்கும் புல்லுக்கும் குறில்தான்.
தேநீரைக் 'குப்'பில் ஊற்றி, ரொட்டியில் 'புட்டர்' தடவி,
அம்மாவைக்கூட உகரம் வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.
பதினெட்டு வயதுவரை
இதற்கொரு பெயர் உண்டென்று அவருக்குத் தெரியாது.

லண்டன் நாடகப் பள்ளியில் பெயர் வைத்தார்கள்:
பிழை.

மிஸ் ஃபென்விக் பியானோமேல் முழங்கை ஊன்றி
ஒயின் பாட்டில் தக்கையைப் பல்லிடுக்கில் கடிக்கச் சொன்னாள்.
பா... த். இன்னும் ஒரு மாத்திரை.
வாய்க்குள் வீடு கட்டு, கூரை உயரமாக இருக்கட்டும்.
காலையில் வாள்வீச்சு. பிற்பகலில்
வலிக்காமல் விழப் பழகுவது:
முழங்கால், இடுப்பு, தோள், அப்புறம் சாவு.

முதல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர்
குளிக்கப் போவதாக நெடிலில் சொன்னாராம்.
அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி,
"வாயை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாய்?"

இந்தக் கதையைப் பல தடவை கேட்டுவிட்டேன்.
எவரைச் சொன்னாலும் நடித்துக் காட்டுகிறவர்
அப்பாவின் குரலை மட்டும் செய்யமாட்டார்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பிறகு வாரத்துக்கொரு நாடகம்.
ஓல்டம், வொர்திங், பெர்த்.
இரவு பாதிரியார், பகலில்
அடுத்த வாரத்துக் கொலைகாரனுக்கு ஒத்திகை.
ஞாயிற்றுக்கிழமைகளில் க்ரூ ரயில் நிலையத்தில்
வேறு குழுக்காரர்களோடு ஆறிய தேநீர்.
மூன்று பருவம் ஒரு பெரிய நடிகருக்கு மாற்றாள்;
அந்த மனிதருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.
வேலையில்லாத வருடங்களில் தபால் பிரித்தார்.
ஒருமுறை, மார்கரின் விளம்பரத்துக்கு வெறும் குரல்.
அந்த நாலு நொடி நெடிலில்தான்
குளியலறைக்கு ஓடு பதித்தார்.

நீதிபதிகள், பிஷப்புகள், எண்ணிலடங்காத பிரபுக்கள்.
'பிறவிச் சீமான்' என்று ஒரு விமர்சனம்.
கத்தரித்து வைத்திருக்கிறார்,
மேக்கப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி.

எழுபத்திரண்டு வயதில் வந்தது பெரிய பாத்திரம்:
கிரிம்ஸ்பி துறையில் ஒரு கிழவன்.
"நீங்கள் அந்த ஊர்தானே" என்றாள் இயக்குநர்,
பாதி வேலை முடிந்தமாதிரி.
முதல் வாசிப்பில் அவர் வாய் திறந்தார்.
ஒரு பிரபு மீன்கூடை தூக்கினார்.
மேசையைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை,
அதுதான் மோசம்.

ஆகவே பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தி வந்தாள்.
பிரியனி, சர்ரேக்காரி, இருபத்தெட்டு வயது,
அக்குளில் சைக்கிள் ஹெல்மெட்.
அவள் போனில் ஒரு பழைய ஒலிப்பதிவு:
முகம் தெரியாத எவனோ துறைக்காரன்
பனிக்கட்டி விலையை ஏசிக்கொண்டிருக்கிறான்.
"குறுக்குங்கள் லெனார்ட். கூரையை இறக்குங்கள்."
அவர் குறுக்கினார். எழுதி எடுத்துக்கொண்டார்.
அவனை இன்னொரு தரம் போடச் சொன்னார்.
இன்னொரு தரம்.

முதல் இரவு.
மெழுகுத்துணி ஏப்ரனைப் பின்னால் நின்று கட்டுகிறேன்.
குப், புட்டர், பத் என்று முணுமுணுக்கிறார்,
மாத்திரை சாப்பிட மறக்கக்கூடாத நோயாளிபோல.
பிறகு மெல்ல, சுவரைப் பார்த்து,
"வாயை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாய்?"
அத்தனையும் குறில்.
என் விரலடியில் முதுகு ஒருமுறை எழும்பி அடங்கியது.
கயிறு இறுக்கமா என்றேன்.
இல்லை என்றார்.
ஒலிபெருக்கி கூப்பிட்டது, எப்போதும்போல:
தொடங்குகிறவர்கள் மேடைக்கு.

மறுநாள் பத்திரிகையில்:
'தமக்கு அந்நியமான வட்டாரப் பேச்சை
அசாத்திய உழைப்பால் வசப்படுத்தியிருக்கிறார்.'

படித்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார்.
கொடுத்தேன்.
ஏப்ரனில் தொங்கிய நூலை வெட்டிவிட்டுத்
திருப்பித் தந்தார்.