நிமிடத்துக்கு ஒரு டாலர்

மூன்று இருபதுக்கு மணி அடித்ததும்
பள்ளியின் மிச்சம் என்னிடம் வருகிறது.
மற்றவர்களை மஞ்சள் பேருந்துகள்
அள்ளிக்கொண்டு போய்விடும்.
எனக்கு முப்பத்தொரு பிள்ளைகள்,
ஒரு சாப்பாட்டுக் கூடம்,
பெஞ்சோடு சேர்ந்தே மடங்குகிற மேசைகள்,
தரையில் காயாத துடைப்ப ஈரம்.

தலைக்கு ஆறு பிஸ்கட், ஒரு பால் டப்பா.
எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.
எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே
ஏழாவதுக்குக் கை நீட்டுவான் ஓடிஸ்.
"நேற்று எனக்கு அஞ்சுதான் வந்தது."
நேற்றும் அதையேதான் சொன்னான்.

நவம்பரில், டுலூத்தில்
நாலரைக்கே இருட்டிவிடும்.
சன்னல் கண்ணாடியில் ஏரி அழிந்து
எங்கள் முகங்கள் வந்து உட்காரும்.
அதற்குப் பிறகு யாரும் சன்னலைப் பார்ப்பதில்லை,
கதவைத்தான்.
அழைப்புமணி கேட்டால்
எல்லாத் தலைகளும் திரும்பும்.
ஒன்று மட்டும் எழுந்து போகும்.
மற்றவை கழித்தல் கணக்குக்கே திரும்பி வரும்.

ஐந்தரைக்குப் பதினொருவர்.
ஐந்தே முக்காலுக்கு நான்கு பேர்.
ஆறுக்கு எப்போதும் ஓடிஸ்.

ஆறு மணிக்கு மேல்
நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று
சுவரில் இருக்கிறது.
எழுதியது நானில்லை.
லாமினேட் செய்து ஒட்டியது நான்.
போன வருஷம்வரை அவனுக்கு
அது வெறும் நீலத்தாள்.
இந்த வருஷம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான்.
இப்போது பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டினால்
தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறான்.

ஆறு ஐந்துக்குக் கப்பல் ஊதியது.
பாலம் பதிலுக்கு ஊதியது.
"தூக்கிட்டாங்க" என்றான்,
"அம்மா அந்தப் பக்கம்."
பாலத்துக்கு அப்பால் மணல்திட்டில்
கோடையில் மட்டும் ஆள் வருகிற வீடுகளைத்
துடைத்துப் பூட்டுகிறாள் லவோன்.
ஆயிரம் அடி இரும்பு கடந்துபோகும்வரை
இந்தக் கரையில் அவளுக்கு வேலையில்லை.

எனக்கும் ஒருத்தி இருக்கிறாள். ஐலி.
மலைமேல் வேறொரு பள்ளி,
இதே மாதிரி மடக்கு மேசை,
சுவரில் இதே தாள், அங்கே பச்சை.
பெர்னீஸ் தோர்சன் இந்நேரம்
கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பாள்.
எனக்கு இங்கே மணிக்குப் பதினைந்தரை.
அங்கே நிமிடத்துக்கு ஒன்று.
இந்தக் கழித்தலை நான்
ஓடிஸிடம் கொடுத்ததில்லை.

லவோன் வந்தபோது தலையெல்லாம் பனி,
கையில் ப்ளீச் வாடை.
மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை,
கைப்பையைத்தான் திறந்தாள்.
பதிவேட்டில் 6.00 என்று எழுதினேன்.
பூஜ்யங்கள் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தன.
அவள் அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.

"ஆறு இருபத்திரண்டு!" என்றான் ஓடிஸ்,
கூடம் முழுக்கக் கேட்க.
கடிகாரம் பார்க்க அவனுக்குச்
சொல்லிக்கொடுத்தது நான்தான்.
லவோன் அவன் குல்லாவைக்
காதுக்குக் கீழே, கண்ணுக்கும் கீழே
இழுத்துவிட்டாள்.

மலையேற்றத்தில் இரண்டு இடத்தில் சக்கரம் வழுக்கியது.
பெர்னீஸ் 6.47 என்று எழுதினாள்,
அச்சடித்தாற்போல் கையெழுத்து.
நாற்பத்தேழு.
அவளுக்கும் யாரோ எங்கோ
காத்திருக்கக்கூடும். கேட்டதில்லை.

காரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே
"ஓடிஸா?" என்றாள் ஐலி.
அவனை அவள் பார்த்ததே கிடையாது.
"பாலம்" என்றேன்.
"எனக்குத் தெரியும். மேலேயிருந்து பாத்தேன்.
லைட்டெல்லாம் போட்டிருந்துச்சு."
வைப்பர் பனியை ஒதுக்கி, ஒதுக்கி,
பிறகு சொன்னாள்,
"ரொம்ப மெதுவாத்தாம்மா போச்சு."