கொட்டைக் கணக்கு

என் சம்பளம் இருபத்தெட்டாயிரம்.
மூன்று கம்பெனி, மூன்று செக்,
ஆளுக்கு ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று.
கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் குறையும்.
அதை யார் போடுவது என்று ஒப்பந்தத்தில் இல்லை.
பதினாலு மாதமாய்
நான்தான் போடுகிறேன்.

பரதராமி செக்போஸ்ட் தாண்டி
தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கடன் சொல்லும் இடத்தில்
தகரக் கூரை போட்ட எங்கள் லேப்.
வைகாசி பிறந்தால் லாரி லாரியாய்க் கிளிமூக்கு மாங்காய்.
கூழ் டின்னுக்குள் போகும், டின் கப்பலுக்குள் போகும்.
கொட்டை மட்டும் போக இடமில்லாமல்
மூன்று மதிலுக்குப் பின்னாலும்
ஈ மொய்த்துப் புளிக்கும்.
பருப்புக்குள் நெய் இருக்கிறது,
சாக்லேட்காரன் காத்திருக்கிறான்.
எடுக்கிற வழியைத் தேட
ஒருத்தருக்குக் கட்டுப்படியாகாது.
அதனால் சேர்ந்தார்கள்,
டின்னுக்கு எட்டணா குறைத்து
ஒருவர் ஆர்டரை ஒருவர் பறிக்கிற
முனிரத்தினம் நாயுடு, பேரணாம்பட்டு ஜமீல் சாயபு,
சித்தூர் சுகுணம்மா.

கெட்டிக்கார இன்ஜினியரை வீட்டில் வைத்துக்கொண்டு
அடுத்தவனை அனுப்புவார்கள்.
பழைய பதிவேடு கேட்டால்
கரையான் என்றார் ஒருவர்.
ஆடிட்டரிடம் என்றார் ஒருவர்.
சுகுணம்மா தந்தார்,
நடுவில் எட்டுப் பக்கம் இல்லாமல்.

எழுபது டிகிரியில் நாலு மாதம் உலர்த்தினேன்.
ஆறு லட்சம்.
நெய் காப்பித்தூள் நிறத்தில் இறங்கியது, காறலோடு.
கொட்டை இறக்க வந்த டிரைவர் கங்கையா
வாசலிலேயே மூக்கைச் சுளித்தான்.
'இதி பாத வாசன, மேடம்.'
பழைய வாசனையாம்.
மூன்று வருஷம் முன்னால் நாயுடு ஷெட்டில்
ராத்திரி ராத்திரியாய் இதே புகையாம்.

ஒருத்தர் காசு கொடுத்து வாங்கிய தோல்வியை
மூன்று பேராய் மறுபடி வாங்கியிருக்கிறோம்.
அதில் அவர் பங்கும் இரண்டு லட்சம்.
வாயை மூடிக்கொள்ள
இவ்வளவு செலவு செய்கிறவரை
நான் பார்த்ததில்லை.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்:
'இந்தச் சோதனை முன்பே செய்யப்பட்டிருக்கலாம்.'
எங்கே என்று எழுதவில்லை.
படித்ததும் நாயுடு ஃபேனைப் பார்த்தார்.
எதிர்பார்த்ததுதான்.
சாயபுவும் ஃபேனைப் பார்த்தார்.
சுகுணம்மா
ஓடாத ஏசியைப் பார்த்தார்.

நாலாம் தடவை எரித்திருக்கிறேன்
அதே கொட்டையை.

கேன்டீனில் வடை வந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மழைக்கு முன் ஐம்பத்தைந்து டிகிரியில் தொடங்கலாம் என்றேன்.
தலையாட்டினார்கள்.

அடுத்த மாதச் செக்குகள்
ஒரே நாளில் வந்து சேர்ந்தன.
ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்து நாலு.
ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்து நாலு.
மூன்றாவதையும் பிரித்தேன்.

இரண்டு ரூபாய் அதிகம்.

பேசி வைத்திருந்தால்
இது நடந்திருக்காது.