கழித்தல்

பிறந்த அன்று ரேஷன் கடைத் தராசில்
அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன்.
ஐம்பத்தாறரை.
அவனைக் கீழே விட்டு நான் மட்டும்:
ஐம்பத்து மூன்று.
மிச்சம் மூன்றரை கிலோ,
நனைந்த காதுகளையும் சேர்த்து.

நாற்பது பக்க நோட்டின் அட்டையில் எழுதினேன்:
ஆட்டின் எடை, மொத்தம் கழித்தல் நான்.
நான் என்றால் ஐம்பத்து மூன்று.
ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற
யாருக்கு நேரம்.

அப்பன் ஜமுனாபாரி, ஆத்தாள்
திருமங்கலம் சந்தையில் பிடித்த கொடியாடு.
வளைந்த மூக்கு அவன் வழி, உயர்ந்த கால் அவள் வழி.
மொக்கையன் என்று பேர் விழுந்தது.
எங்கள் பக்கம் மொக்கை என்றால் பெரிசு.
மாமனார் பேரும் அதுவே என்பதால்
வாசலுக்குள் அவனுக்குப் பேரில்லை, 'ஏய்' தான்.
கண்மாய்க்குள் இறங்கிய பிறகு
வாய் நிறையக் கூப்பிடுவேன்.
ஒருநாள் கரையில் போன மாமனார்
திரும்பிப் பார்த்துவிட்டார்.

ஒரு வயதில் இரும்புக்கடைத் தராசுக்கு மாறினோம்.
தகரமும் சைக்கிள் சட்டமும் ஏறுகிற பலகை.
தனியாக ஏற மாட்டான்.
நான் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டால்
நாலு காலையும் ஒடுக்கி நிற்பான்,
போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி.
பூவலிங்கம் நம்பர் சொல்வான்.
தொண்ணூற்றாறு.
நூற்றுப் பதினெட்டு.
ஐம்பத்து மூன்றைக் கழிப்பேன்.

சின்னக்கட்டளையிலிருந்தும் குப்பல்நத்தத்திலிருந்தும்
பருவத்துக்கு வந்த பெட்டைகளை
டூவீலரில் மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள்.
முந்நூறு ரூபாய்,
சினை நிற்காவிட்டால் மறு தடவை சும்மா.
தன் தாடியில் தானே மூத்திரம் பெய்துகொண்டு
மேலுதட்டைச் சுருட்டி வானத்தை முகர்வான்.
அந்த வாடை சீயக்காய்க்கும் போகாது.
பஸ்ஸில் என் பக்கத்து சீட்
உசிலம்பட்டி வரை காலியாகவே வரும்.
ஐந்து மாதத்தில் மூன்று ஊரிலும்
அவன் மூக்கோடு குட்டிகள் விழுந்தன.

கார்த்திகை மழையில் மேய்ச்சல் நின்றது.
அகத்திக் கட்டு பத்து ரூபாய் ஏறியது.
கடலைப்பொட்டு, உடைத்த மக்காச்சோளம், கருவேலங்காய்.
ராத்திரிக்குக் கம்பங்கூழ்:
அடியில் நிற்பது அவனுக்கு, தெளிந்தது எனக்கு.
ஜாக்கெட்டை ஒரு பிடி பிடித்துத் தைத்தேன்.
தையில் இன்னொரு பிடி.
தையல்காரி அளவு தப்பிவிட்டாள் என்று
அவளோடு சண்டையும் போட்டேன்.

கடைசியாக ஏறியபோது நூற்று நாற்பத்தொன்று.
எண்பத்தெட்டு என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

வாடிப்பட்டிப் பண்ணைக்காரர் ஜெயசிங்
கூண்டுத் தராசோடு வந்தார்.
பொலிகிடாவுக்குத்தான், கறிக்கு இல்லை என்றார்.
உயிர் எடை, கிலோ ஐந்நூறு.
மோவாயைப் பிடித்துப் பல் எண்ணினார், நாலு.
விதையை உருட்டிப் பார்த்தார், இரண்டும் சமம்.
வேப்பங்கொத்தைக் காட்டிக் கூண்டுக்குள் விட்டோம்.
தொண்ணூற்று நாலு.

உங்கள் தராசு தப்பு என்று நோட்டை விரித்தேன்.
அவர் பேசவில்லை.
ஐம்பது கிலோ புண்ணாக்கு மூட்டையை ஏற்றினார்.
ஐம்பது. கிராம் பிசகவில்லை.
"கூடத்தானே காட்டுது, வாங்கிக்கங்க தாயி."
ஆறு கிலோவுக்கு மூவாயிரம்
தனியாக எண்ணிக் கட்டின் மேல் வைத்தார்.

வண்டி ரோட்டில் திரும்புகிற வரை
அவன் கத்தவில்லை.
கொட்டத்தில் நின்ற பெட்டைகள்தான் கத்தின.
நான் நோட்டின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரும்புக்கடைக்குப் போனேன்.
"ஆடு எங்கக்கா?" என்றான் பூவலிங்கம்.
பலகையில் ஏறினேன்.
இடது கை பழக்கத்தில்
ஒரு கழுத்தின் உயரத்தில் வளைந்து நின்றது.
நம்பரைப் பார்த்தான்.
கால்குலேட்டரை எடுத்தான்.
"இதில எவ்வளவு கழிக்கணும்?"

ஒண்ணும் கழிக்காதே பூவலிங்கம்,
உள்ளதை அப்படியே சொல்லு.