காரணம் என்றொரு கட்டம்

கானான், அத்தாஸ், கிரி, கிரி, பாவா.
தடுமாறாமல் சொன்னாள் கிருத்திஷா.
பாரத்தில் சரி போட்டுவிட்டார் தாதி ரொஸ்னானி.
பிறகு என்ன தோன்றியதோ,
அட்டையைத் தலைகீழாய்த் திருப்பி மாட்டினார்.
கானான், அத்தாஸ், கிரி, கிரி, பாவா.

மூன்றாம் ஆண்டு மொத்தமும் சிரித்தது.
வரிசையில் அவளுக்கு முன்னால் பதினொரு பேர்.
பதினொரு முறை
காதால் படித்திருக்கிறாள்.

ஊத்தான் மெலிந்தாங்கில் மழை வந்தால்
தகரக் கூரைதான் பேசும், நான் பேச முடியாது.
பலகையில் எழுதிப் போடுவேன்.
அப்போது பார்த்துப் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பாள்.
‘உங்கள் மகள் காப்பி அடிக்கிறாள்’ என்று
அவள் அம்மாவுக்கு எழுதியனுப்பினேன்
இரண்டு முறை.
இல்லை, மூன்று.

பாரத்தின் கடைசிக் கட்டம்: காரணம்.
இரண்டு விரல் அகலம்.
‘ரபுன் ஜாவு’ என்று எழுதிவிட்டு
என் பக்கம் தள்ளினார் தாதி.
கிட்டப்பார்வை. சரி, அது பெயர்.
காரணம்?

வகுப்பிலேயே அவள்தான் உயரம்.
உயரமானவர்கள் பின்வரிசை என்பது
நான் போட்ட சட்டம்.
அதை எழுதலாமா?
செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போன அப்பா
ஆலையில் லோரி வரிசை நகர்ந்து
வீடு திரும்ப இரவு பத்து ஆகும்.
கையுறைத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு ஓவர்டைம்.
வெளியே போகாதே, நாய் இருக்கிறது, லோரி வரும்.
பூட்டிய வீட்டில் அவளுக்குக் காவல்
உள்ளங்கை அகல வெளிச்சம்.
கதவைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை,
அவள் கண் ஒரு முழம் தாண்டிப் போனதில்லை.
முதலாம் ஆண்டில் சோதிக்க வந்த அன்று
அம்மை போட்டிருந்தது.

யுவநேசனின் இடது கண் வேறு.
பள்ளி விடுமுறையில் உதிரிப்பழம் பொறுக்கப் போனான்,
மட்டை முள்.
அவனுக்கும் இதே இரண்டு விரல்தான்.

எழுதக் குனிந்தேன். எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன.
தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தேன்.
ரொஸ்னானி ஒன்றும் சொல்லவில்லை,
என்னைப் பார்த்தார்,
வரிசையில் பன்னிரண்டாவது ஆளைப் பார்ப்பதுபோல.
என் கைப்பையில் துணி சுற்றி
நாலு வருடமாய்க் கிடக்கிறது ஒரு கண்ணாடி.
போட்டால் கிழவி என்பார்களாம் பிள்ளைகள்.

ஐந்து வாரம் கழித்து,
நூற்று எண்பது ரிங்கிட்டில்,
இரண்டு தவணையில்,
கண்ணாடியோடு வந்தாள்.
முன்வரிசையில் உட்காரவைத்தேன்.
பலகையைப் பார்க்கவில்லை,
வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

“டீச்சர், கோவமா இருக்கீங்களா?”
இல்லையே.
“அப்ப, மூஞ்சி எப்பவுமே இப்படித்தானா?”

மழை பிடித்துக்கொண்டது.
பேனாவைத் திறந்து பலகைப் பக்கம் திரும்பினேன்.
முதுகுக்குப் பின்னால் இரண்டு கண்கள்
தெளிவாய்க் காத்திருந்தன.
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.