இருவர் கூட்டு

மழை விட்ட மாலை,
செந்தூல் ரயில் பட்டறைக்குப் பின்னால்
என் காயில் சுற்றும் கடைக்கு
எத்திராஜ் அண்ணன் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்:
சலவை மெஷின் மோட்டார், புரோட்டான் காரின் டைனமோ,
இரண்டையும் பிணைத்த பெல்ட்.

"பேட்டரி கிளப்பிவிட மட்டும்தான், சங்கரி.
அப்புறம் அதை அதுவே ஓட்டும்.
தெனாகாவுக்கு இனி ஒரு சென் கிடையாது."

பேட்டரியைக் கழற்றினோம்.
எட்டு விநாடி. முனகி நின்றது.

"பேரிங் பழசு."
புதுசு போட்டேன். பதினொன்று.
"பெரிய புல்லி?"
டைனமோ சீறியது, மோட்டார் திணறியது.
ஆறு.

மீட்டர் வைத்தேன்:
நூறு கொடுத்தால் ஐம்பத்து நான்கு.
மீதியைத் தரையில் தேடினார்,
கழன்று விழுந்த நட்டைத் தேடுவதுபோல.

அவர் கையைப் பிடித்து மோட்டாரின் முதுகில் வைத்தேன்.
சுட்டது.
"இங்கே கொஞ்சம். அந்த முனகலில் கொஞ்சம்.
இந்த ரப்பர் வாடையில் கொஞ்சம்.
இரண்டே பேர் போடும் கூட்டு அண்ணே இது.
இவன் அவனுக்குக் கட்டுகிறான், அவன் இவனுக்கு,
கைமாறும் போதெல்லாம் கமிஷன் போகிறது.
மூன்றாவது ஆள் யாரும் பணம் போடவில்லை."

மேலே எல்ஆர்டி போனது,
எங்கோ எரியும் நிலக்கரியில் ஜன்னல்களெல்லாம் வெளிச்சமாய்.

மூவாயிரம் ரிங்கிட் போட்டிருக்கிறார் என்று
அவர் மனைவி போன வாரமே சொல்லியிருந்தாள்.
பேரிங்குக்கு மட்டும் பதினெட்டு வாங்கினேன்.

சாக்கடைப் பலகையைத் தாண்டியபின்
வண்டியை நிறுத்தித் திரும்பினார்:
"பெல்ட்டுக்குப் பதிலா
பல்சக்கரம் வெச்சா?"