பராக்கு

கிதீனியா ரயில் நிலையச் சுரங்கப்பாதை,
தொண்ணூற்றைந்து நவம்பர்.
காலுறையும் ரஷ்ய பேட்டரியும் விற்பவர்களுக்கு நடுவே
புதிதாக ஒருவர் கடை போட்டிருந்தார்:
கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும்
புள்ளிப் படங்கள்,
ஊதாவும் பழுப்பும் பச்சையுமாய்,
அரைத்துக் கொட்டிய காகிதக் குப்பை போல.

"உள்ளே ஒன்று ஒளிந்திருக்கிறது.
பார்க்க இலவசம். வாங்க எட்டு ஸ்வோத்தி.
பழைய பணத்தில் எண்பதாயிரம்."

மூக்கைத் தாளில் முட்டிப் பின்வாங்கினார்கள்.
கடற்படைச் சிப்பாய் ஒருவன்
தொப்பிதான் மறைக்கிறதென்று அதைக் கழற்றிப் பார்த்தான்.
தபால்காரி "ஆ!" என்றாள்.
இமைத்தாள்.
"போச்சு" என்றாள்.
அம்மா ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள்,
ஏமாற்று வேலை என்று முடிவு கட்டினாள்.

வீதெக் ஐந்தடி தள்ளி நின்று
ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தபடி சொன்னான்:
"சுறா."
அடுத்ததற்கு: "நாற்காலி. ஒரு கால் குட்டை."
அடுத்ததற்கு: "மணி. தலைகீழாக மாட்டியிருக்கீங்க."
கடைக்காரர் தாளைத் திருப்பிப்
பின்பக்கச் சீட்டைப் படித்தார்.
பிறகு ஒன்றும் பேசாமல்
மணியை நேராக மாட்டினார்.

பதினோரு வயது அவனுக்கு.
முகம் கொடுத்துப் பேசு என்பார் கணக்கு டீச்சர்.
பராக்குப் பார்க்காதே என்பார் பாதிரியார்.
முகவாயைப் பிடித்துத் திருப்பித்
தன் கண்ணுக்கு நேரே நிறுத்துவார் டாக்டர்;
விட்டதும் அது மெல்ல நழுவி
அவர் தோளுக்குப் பின்னால் எங்கோ போய் நிற்கும்.
ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வர
இன்னும் நாலு வருடம் இருந்தது.
அதுவரை அவனுக்குத் திமிர்.

இப்போது கடைக்காரர் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்:
"தாளைப் பார்க்காதீங்க. தாளைத் தாண்டிப் பாருங்க.
பின்னால் ஒரு சுவர் இருக்கிறதாக நினைச்சுக்கோங்க.
கண்ணை முறைக்காமல் விடுங்க,
பராக்குப் பார்க்கிற மாதிரி."

எதற்காக ஏழு வருடம் அவனைத் திட்டினார்களோ
அதற்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது, இலவசமாக.
சிப்பாய் பயின்றான். தபால்காரி பயின்றாள்.
அம்மா கைப்பையைத் திறந்து
சில்லறையாகவே எட்டு எண்ணிக் கொடுத்தாள்.
சுறாவை வாங்கினாள்.

எனக்கு மாறுகண்.
ஆறு வயது வரை வலக்கண்ணில் ஒட்டுத்துணி,
அப்போதும் இடது கண் வேலை கற்றுக்கொள்ளவில்லை.
இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் கதவு அது,
எனக்கு இந்தப் பிறவியில் இல்லை.
கட்டிலுக்கு மேலே ஒட்டிய படத்தில்
அவன் காட்டுவான்:
"வால் உன் பக்கம். தாளுக்கு உள்ளே நாலு விரல்."
விரலை வைப்பேன். சுவர்தான்.
"அங்கே இல்லை. உள்ளே."
"உள்ளே எங்கேடா?"
கோபித்துக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவான்.

சுறா அவனுக்குப் பெரிய விஷயமில்லை.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றான்,
என் முகத்துக்கு எதிரே, கூசாமல்.
விஷயம் ஏழாவது பட்டையில்
ஒரு ஆரஞ்சுப் புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதனால் சுறாவின் வயிற்றில் ஓட்டை.
மூன்று இரவு தூங்கவில்லை.
நாலாம் நாள் என் கிரேயானை எடுத்துக்
குறுக்கும் நெடுக்கும் எண்ணி
ஒரே ஒரு புள்ளி வைத்தான்.
மூடிக்கொண்டது என்றான்.
நம்பினேன். வேறென்ன செய்ய?
அப்பா பார்த்துவிட்டு
இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்.
அப்பாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன.

போன மாதம் துறைமுகத் தெருவில்
அவனோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன்.
நாற்பது தாண்டிய தலை, அதே ஜிப்.
என் காதுக்குப் பின்னால்
நாலு விரல் ஆழத்தில் எதையோ பார்த்தபடி
பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.
கேட்டுவிட்டேன்:
"அங்கே தெரிவது நானா, வீதெக்?"

"இருபத்தேழு" என்றான்.
திரும்பிப் பார்த்தேன்.
டிராலிபஸ் வந்துகொண்டிருந்தது, எங்களுடையது.
ஏறினோம்.